'சேஃப் பீரியட்' சார்ட் விற்கிற மையங்களிடம் ஜாக்கிரதையாக இருங்கள்

சென்னையில் வேளச்சேரி பக்கம் 'இயற்கை கருத்தடை ஆலோசனை' என்று போர்டு மாட்டியிருக்கும் ஒரு மையத்தில் 6,500 ரூபாய் கட்டி ஏமாந்த கதை இது. பெயர் போடவில்லை, போட்டால் வக்கீல் நோட்டீஸ் வரும், அதைச் சமாளிக்க இப்போது தெம்பு இல்லை. ஆனால் இதே சரக்கை வேறு பெயரில் விற்கிறவர்களும் இருப்பார்கள், அதனால் என்ன விற்றார்கள் என்பதை விவரமாகச் சொல்லிவிடுகிறேன்.

மாத்திரை வேண்டாம், காப்பர் டி பயம், இயற்கையாக ஏதாவது இருந்தால் நல்லது என்று நினைக்கிற என்னைப் போன்றவர்களைத்தான் குறி வைக்கிறார்கள். உள்ளே வெள்ளை கோட்டு போட்ட ஒரு பெண். டாக்டரா என்று கேட்டதற்கு "சீனியர் கவுன்சிலர்" என்றார். கடைசியாக எப்போது தலைக்குக் குளித்தீர்கள் என்ற ஒரே கேள்விதான். எனக்கு சில மாதம் 24 நாளிலேயே வந்துவிடும், சில மாதம் 36 நாள் வரை தள்ளிப்போகும், தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறேன், குழந்தைக்கு இன்னும் பால் கொடுக்கிறேன் என்று நானாகத்தான் சொன்னேன். "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது சிஸ்டர், பால் கொடுக்கிறவங்களுக்கு எல்லா நாளும் பாதி சேஃப்தான்" என்றார். பாதி சேஃப்!

கையில் கொடுத்தது ஒரு கலர் சார்ட், ஏதோ ஒரு பவுடர் டப்பா, கருமுட்டை வெளிவருவதைக் கண்டுபிடிக்கும் ஸ்ட்ரிப் ஒரு கட்டு. சார்ட்டில் பீரியட்ஸ் வந்த முதல் நாளிலிருந்து எண்ணி 8ஆம் நாளிலிருந்து 19ஆம் நாள் வரை சிவப்பு, அதாவது சேரக் கூடாத நாட்கள், மற்றதெல்லாம் பச்சை, அதாவது கரு தங்காத 'சேஃப்' நாட்கள். 99 சதவீதம் உத்தரவாதம் என்று மேலே கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள்.

சார்ட்டில் இருந்தபடிதான் நடந்தோம். நாள் தள்ளிப்போனது, வீட்டிலேயே பார்த்தோம், இரண்டு கோடு. அதற்குப் பிறகு நானும் வீட்டுக்காரரும் என்ன முடிவு எடுத்தோம் என்பது எங்கள் விஷயம், கமென்ட்டில் கேட்காதீர்கள்.

அரசு மருத்துவமனையில் பார்த்த டாக்டரம்மா அந்த சார்ட்டைப் பார்த்ததுமே சிரித்துவிட்டார். அமெரிக்காவில் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தில் உருவாக்கிய முறை அது, அங்கே கலர் மணி கோத்த மாலையாகக் கொடுப்பார்களாம். முறையில் தப்பில்லை. ஆனால் மாதாமாதம் 26 நாளிலிருந்து 32 நாளுக்குள் ஒழுங்காக வருகிறவர்களுக்கு மட்டும்தான் அது. அவர்களிலும் துளி பிசகாமல் பின்பற்றினால்கூட வருடத்துக்கு 100 பேரில் 5 பேருக்குக் கரு தங்கும், நடைமுறையில் 12 பேருக்கு. இவர்கள் அந்த நிபந்தனையை மட்டும் கத்தரித்துவிட்டு 99 என்று ஒட்டியிருக்கிறார்கள்.

இதற்குக் காரணம் ரொம்ப எளிது. கருமுட்டை வெளிவருவது பெரும்பாலும் அடுத்த பீரியட்ஸுக்கு சுமார் 14 நாள் முன்னால், அதாவது இன்னும் வராத ஒரு தேதியிலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும். 24 நாள் சுழற்சி என்றால் 10ஆம் நாள் வாக்கில் முட்டை வரும். விந்தணு உள்ளே 5 நாள் வரை உயிரோடு இருக்கும், ஆகவே பச்சையில் இருக்கும் 6, 7ஆம் நாட்களே ஆபத்து. 36 நாள் ஆகிற மாதத்தில் முட்டை வருவது 22ஆம் நாள் வாக்கில், அதுவும் பச்சைதான். இரண்டு பக்கமும் அடி. பழைய காலண்டர் கணக்குப்படி குறைந்தது 6 மாதத் தேதிகளைக் குறித்து, மிகச் சிறிய சுழற்சியிலிருந்து 18ஐயும் மிக நீண்டதிலிருந்து 11ஐயும் கழிக்க வேண்டும். எனக்குப் போட்டால் 6ஆம் நாள் முதல் 25ஆம் நாள் வரை கூடாது என்று வருகிறது. அந்தக் கணக்கை முதல் நாளே போட்டுக் காட்டியிருந்தால் காசு கட்டாமல் வீட்டுக்கு வந்திருப்பேன், அதனால்தான் போடவில்லை.

ஸ்ட்ரிப் கதை இன்னும் மோசம். அது கோடு காட்டுவதே முட்டை வருவதற்கு ஒன்றரை நாளுக்குள்தான். குழந்தை வேண்டும் என்கிறவர்களுக்கு உதவும். வேண்டாம் என்கிறவர்களுக்கு, மூன்று நாள் முன்பே உள்ளே போன விந்தணுவைப் பற்றி அது என்ன எச்சரிக்கை கொடுக்க முடியும்? கருத்தடைக்குப் பயன்படுத்தக் கூடாது என்று பெட்டியிலேயே பொடி எழுத்தில் இருக்கிறது, இவர்கள் பெட்டியைப் பிரித்து வெறும் கட்டாகக் கொடுத்தார்கள். பிசிஓஎஸ் (சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை) இருப்பவர்களுக்கு ஸ்ட்ரிப் பொய்யாகவும் கோடு காட்டும்.

பால் கொடுப்பது கருவைத் தடுக்கும் என்பது முழுப்பொய் இல்லை. ஆனால் குழந்தைக்கு 6 மாதம் ஆகியிருக்கக் கூடாது, ராத்திரி பகல் தாய்ப்பால் மட்டுமே கொடுக்க வேண்டும், பீரியட்ஸ் திரும்பியிருக்கக் கூடாது. மூன்றும் சேர்ந்திருந்தால்தான். என் பையன் இட்லியே சாப்பிட ஆரம்பித்துவிட்டான்!

வெள்ளைப்படுதலைக் கவனிப்பது, காலையில் எழுந்திருக்கும் முன் உடல் வெப்பம் பார்ப்பது எல்லாம் உண்மையான முறைகள்தான். ஆனால் வெப்பம் ஏறுவது முட்டை வந்த பிறகு, அதனால் அதற்கப்புறம் வரும் நாட்களைத்தான் நம்பலாம். ராத்திரியில் குழந்தைக்காக நாலு முறை எழுந்திருக்கிற வீட்டில் அந்த அளவு சரியாகவும் வராது. நல்ல பயிற்சியாளர் இதையெல்லாம் கேட்பார், உங்களுக்கு இது ஒத்துவராது என்று திருப்பியும் அனுப்புவார்.

காப்பர் டி, மூன்று மாதத்துக்கு ஒரு முறை போடும் அந்தரா ஊசி, ஹார்மோன் இல்லாத சாயா மாத்திரை எல்லாம் அரசு மருத்துவமனைகளில் இலவசம். எழும்பூர், திருவல்லிக்கேணி மகப்பேறு மருத்துவமனைகள் எல்லோருக்கும் தெரிந்தவைதான், அவ்வளவு தூரம் போக வேண்டாம் என்றால் உங்கள் பக்கத்து நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு "நீங்க சார்ட்டை சரியா ஃபாலோ பண்ணியிருக்க மாட்டீங்க சிஸ்டர்" என்று ஒரு வாய்ஸ் மெசேஜ், அப்புறம் வாட்ஸப்பில் பிளாக். பில்லும் தரவில்லை. 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுத்திருக்கிறேன், இன்னும் பதில் வரவில்லை. வேறு யாராவது இதே மாதிரி மாட்டியிருந்தால் ஜிபே ஸ்கிரீன்ஷாட்டையும் சார்ட்டையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், அந்த வாய்ஸ் மெசேஜையும் வேறு போனுக்கு அனுப்பி வைத்துக்கொள்ளுங்கள், புகாருக்கு அதுதான் வேண்டும்.