சின்னத் தவிட்டுப்புறாவும் 8×42 பைனாகுலரும்: டெல்டாவில் பயன்படுத்திய பின் ஒரு மதிப்பீடு

டெல்டா மாவட்டங்களில் பறவை பார்ப்பதற்காகப் பைனாகுலர் வாங்க வருபவர்கள் பலரும் கோடியக்கரையின் பூநாரைகளை மனத்தில் வைத்துக்கொண்டு, எவ்வளவு தூரம் தெரியும் என்றுதான் கடைக்காரரிடம் முதலில் கேட்கிறார்கள். ஆனால் களத்து மேட்டிலும் வாய்க்கால் கரையிலும் கருவைப் புதரோரத்திலும் அன்றாடம் நம் கண்ணில் படுபவை புறாக்களே. ஆகவே, நான் வாங்கிய 8×42 (எட்டு மடங்கு உருப்பெருக்கம், 42 மி.மீ. விட்டமுள்ள முகப்புக் கண்ணாடி) பைனாகுலரைச் சின்னத் தவிட்டுப்புறாவைக் கொண்டே மதிப்பிடுகிறேன்.

இப்புறா மைனாவைவிடச் சற்றே பெரியது. நீளம் 25 முதல் 27 செ.மீ. வரை இருக்கும். தலையும் மார்பும் இளஞ்சிவப்பு கலந்த தவிட்டு நிறம், இறக்கையின் ஓரத்தில் நீலச் சாம்பல், வாலின் வெளி நுனிகளில் வெள்ளை. கழுத்தின் இருபுறமும் முன்பக்கம் வரை செம்மையும் கறுப்பும் கட்டம் கட்டமாகக் கலந்த பட்டை ஒன்று உண்டு. நம் ஊர்களில் மணிப்புறா எனப்படும் புள்ளிப்புறாவுக்கோ பிடரியில் கறுப்பின்மேல் வெள்ளைப் புள்ளிகள் இருக்கும். இருபது மீட்டருக்கு அப்பால் வெறும் கண்ணுக்கு இவ்விரண்டும் மங்கிய பழுப்பாகவே தெரிகின்றன. எட்டு மடங்கு உருப்பெருக்கத்தில், 24 மீட்டரில் நிற்கும் பறவை 3 மீட்டரில் நிற்பது போலத் தோன்றுவதால், கழுத்துப் பட்டையின் கட்டங்கள் தனித்தனியாகத் தெளிந்துவிடுகின்றன. இந்தப் பட்டை இன்னும் வளராத இளம் பறவையைக்கூட அதன் உடலளவைக் கொண்டு பிரித்தறிய முடிகிறது.

வெளிச்சம் குறைந்த நேரத்தில்தான் இக்கருவி தன் விலைக்கு நியாயம் செய்கிறது. மார்கழி, தை மாதங்களில் வயல்வெளி பனியில் மூழ்கியிருக்கும் காலை வேளையில், அறுவடை முடிந்த தாளடியிலும் கொள்முதல் நிலைய வாசலில் சிந்திய நெல்லிலும் இப்புறாக்கள் இணை இணையாக இறங்கி மேய்கின்றன. 42 மி.மீ. முகப்பை எட்டால் வகுத்தால் கண்ணுக்கு வரும் ஒளிவட்டம் 5.25 மி.மீ.; அதே முகப்புள்ள பத்து மடங்குக் கருவியில் அது 4.2 மி.மீ. மட்டுமே. பத்து மடங்கில் கை நடுக்கமும் கூடுதலாகத் தெரியும். தலையை அசைத்து அசைத்துக் குறுநடை போடும் இந்தப் பறவை எந்த நொடியிலும் இறக்கையைப் படபடவென்று அடித்துக்கொண்டு எழும்பிவிடும் என்பதால், பார்வைப் பரப்பு அகலமாக இருப்பது மிக முக்கியம். பறக்கும்போது விரியும் வாலின் வெள்ளை நுனிகளை விடாமல் தொடர எட்டு மடங்கே எனக்கு வசதியாக இருக்கிறது.

இரண்டு மீட்டர் வரை அருகில் குவியும் வசதியை வாங்கும்போது நான் பெரிதாக எண்ணவில்லை. இன்று அதைத்தான் மிகவும் மெச்சுகிறேன். சின்னத் தவிட்டுப்புறா முட்புதரில் மட்டுமின்றி வீட்டுச் சன்னல் மேடையிலும் சில சுள்ளிகளை ஒப்புக்கு அடுக்கிக் கூடு கட்டி, இரண்டு வெண்ணிற முட்டைகள் இடும். ஆணும் பெண்ணும் முறை மாற்றிச் சுமார் இரண்டு வாரம் அடைகாத்து, குஞ்சுகளுக்குத் தொண்டைப் பையில் சுரக்கும் பாலை ஊட்டுகின்றன. அறையின் மறுகோடியில் அமர்ந்தபடி, பறவையைக் கலைக்காமல் இதையெல்லாம் பார்க்க முடிகிறது. கூட்டருகே நாம் போய் நின்றால் தாய்ப்பறவை எழுந்துவிடும்; காகத்துக்கு அந்தச் சிறு இடைவெளியே போதும். புறா வளர்ப்போரும் பறவை பார்ப்போரும் இதில் கண்டிப்பாக இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

குறைகளும் உண்டு. வானத்தைப் பின்னணியாகக் கொண்டு மின்கம்பியில் அமர்ந்திருக்கும் பறவையின் விளிம்பில் ஊதா நிறக் கோடு படிகிறது. இறக்கையின் நீலச் சாம்பலைக் கணிக்கும்போது இது குழப்பம் தருகிறது. தரங்கம்பாடியின் பெயரை அறிவியல் பெயரில் தாங்கி, 1804-இல் விவரிக்கப்பட்ட செந்நிறப் புறாவைத் தேடுவோருக்கு இது கூடுதல் இடையூறு. ஏனெனில் அதன் ஆணுக்குச் சாம்பல் தலையும் செங்கல் நிற உடலும் இருக்க, பெண்ணோ பழுப்பாக, கள்ளிப்புறாவின் சிறிய வடிவம் போல இருப்பதால், நிறத்தின் சிறு வேறுபாடுகூட அங்கே முக்கியமாகிறது. குவியச் சக்கரம் குளிர்காலையில் சற்று இறுகுகிறது. உடன் வந்த கழுத்துவார் மெல்லியது. கருவியின் எடை ஏறத்தாழ 700 கிராம் என்பதால் அகலமான வாரைத் தனியே வாங்க வேண்டியிருந்தது.

நாகை, வேதாரண்யம் போன்ற கடலோர ஊர்களில் இருப்பவர்கள் நைட்ரஜன் நிரப்பி அடைக்கப்பட்ட, நீர்புகாத வகையையே வாங்குவது நல்லது. ஈரக்காற்றில் மற்றவற்றின் உட்கண்ணாடியில் பூஞ்சை பிடிக்கும். மூக்குக்கண்ணாடி அணிபவர்கள், கண்ணாடியைக் கழற்றாமலே பார்வைப் பரப்பு முழுவதும் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். பணம் கொடுப்பதற்கு முன் கருவியைக் கடை வாசலுக்குக் கொண்டுவந்து, முதலில் இரண்டு மீட்டரில் உள்ள ஒரு துணியின் இழையையும், பிறகு வானத்தை ஒட்டிய மின்கம்பியையும் பாருங்கள். இழை தெளிவாகத் தெரிந்து, கம்பியின் விளிம்பில் ஊதா குறைவாக இருந்தால் தயங்காமல் வாங்கலாம்.