வங்கியின் பழைய இணையதளத்திலிருந்து புதியதற்கு: ஒரே நாளில் மாற்றுவதா, பகுதி பகுதியாகவா?

மொத்தமாக மாற்றும் வழி மேலாளர்களுக்குப் பிடிக்கும். ஒரே தேதி, ஒரே அறிவிப்பு, இரண்டு தளங்களைக் கட்டி மேய்க்கும் செலவும் இல்லை. பிரிட்டனின் டிஎஸ்பி வங்கி 2018 ஏப்ரலில் ஒரு வார இறுதியில் இப்படித்தான் மாறியது. அது வெறும் வடிவமைப்பு மாற்றமல்ல, கணக்குகளைக் கையாளும் பின்னணி அமைப்பே மாறியது. விளைவு? பலரால் உள்நுழையவே முடியவில்லை. நிலைமை சீராக டிசம்பர் ஆகிவிட்டது. 2022-இல் கட்டுப்பாட்டு அமைப்புகள் 4.865 கோடி பவுண்டு அபராதம் விதித்தன.

பகுதி பகுதியாக மாற்றினால் வட்டி விகிதம், கிளை முகவரி போன்ற பக்கங்களில் தொடங்கலாம். அங்கே பிழை வந்தாலும் யார் பணமும் சிக்காது. உள்நுழைவும் பணப் பரிமாற்றமும் கடைசியில்தான். ஆனால் வணிகப் பகுப்பாய்வாளருக்கு, அதாவது தளம் எப்படி இயங்க வேண்டும் என்று எழுதித் தருபவருக்கு, வேலை இரட்டிப்பு: எந்தப் பழைய இணைப்பு எங்கே போக வேண்டும், புதிய பக்கத்திலிருந்து பழைய படிவத்துக்குத் தாவும்போது உள்நுழைவு அறுந்துபோகாமல் இருக்குமா, அழைப்பு மையத்தில் இருப்பவர் எந்தத் திரையைப் பார்த்துப் பதில் சொல்வார் என எல்லாவற்றையும் முன்கூட்டியே எழுதிவைக்க வேண்டும். அலுப்பான வேலைதான்.

தளம் பயன்படுத்த எளிதாக இருக்கிறதா என்று கவனிக்கும் பயனர் அனுபவக் குழுவுக்கு இதில் லாபம் அதிகம். சிலருக்கு மட்டும் புதிய பக்கத்தைக் காட்டி, எங்கே தடுமாறுகிறார்கள் என்று பார்த்துத் திருத்தலாம். நடுவில் நிறம், எழுத்துரு எல்லாம் ஒட்டாமல் தெரியும். சரி, தெரிந்துவிட்டுப் போகட்டும்.

என் ஓட்டு பகுதி பகுதியாக மாற்றுவதற்கே. பழைய மென்பொருளின் உரிமம் முடியப்போகிறது, நீட்டிக்கவும் வழியில்லை என்றால் மட்டும் மொத்த மாற்றத்துக்குச் சம்மதிப்பேன். அதுவும் பழைய தளத்துக்கு உடனே திரும்பும் வழியை ஒத்திகை பார்த்த பிறகு.