பெல்ட்டா, டாப்ளரா? வலி நேரத்தில் பிள்ளையின் துடிப்பைக் கேட்கும் இரண்டு வழிகள்

இரண்டாவது பிரசவத்துக்கு ஆஸ்பத்திரி தேடியபோது என் முன்னால் இருந்தது இரண்டே இடம். ஒன்று, மூத்தவள் பிறந்த வண்ணார்பேட்டை தனியார் ஆஸ்பத்திரி. சேர்ந்ததும் வயிற்றில் சிடிஜி பெல்ட்டைக் (பிள்ளையின் துடிப்பையும் வலியையும் தொடர்ந்து பேப்பரில் கோடாக வரையும் மெஷின்) கட்டினால், பிள்ளை வெளியே வரும்வரை அவிழ்க்க மாட்டார்கள். மற்றது, பாளையங்கோட்டையில் ஒரு சின்ன நர்ஸிங் ஹோம். சிக்கல் எதுவும் இல்லாவிட்டால் அங்கே சிஸ்டர் அவ்வப்போது வந்து கையடக்க டாப்ளரை, அதாவது துடிப்பைச் சத்தமாகக் கேட்கவைக்கும் சின்னக் கருவியை, வயிற்றில் வைத்துக் கேட்பார். நான் போனது இங்கேதான். அதனால் இந்த அலசல் டாப்ளர் பக்கம் சாயும், முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வலிக்குமா, கதிர்வீச்சா என்ற கேள்வியே வேண்டாம், இரண்டும் அல்ட்ராசவுண்ட்தான். இரண்டும் கேட்பது பிள்ளையின் இதயத் துடிப்பை. நிமிஷத்துக்கு 110 முதல் 160 வரை இருந்தால் சரி.

இந்த இடத்தில் என் வீட்டுக்காரர் ஒரு நல்ல கேள்வி கேட்டார். "நமக்குப் பயம் மூளைக்கு ஆக்சிஜன் போகலைன்னா என்னாகும்னுதானே? அப்ப அதையே அளந்தா என்ன? எதுக்கு இதயத்தக் கேக்கணும்?" கொரோனா காலத்தில் வீட்டுக்கு வீடு விரலில் கிளிப் மாட்டிப் பார்த்தவர்கள் நாம், கேட்கத்தான் தோன்றும்.

அப்படி அளக்கவும் செய்தார்கள். பனிக்குடம் உடைந்தபின் பிள்ளையின் கன்னத்தை ஒட்டி ஒரு உணர்கருவியை வைத்து ஆக்சிஜன் அளவைக் காட்டும் மெஷினுக்கு அமெரிக்காவில் 2000-இல் அனுமதி கிடைத்தது. வயிற்றுக்குள் இருக்கும் பிள்ளைக்கு 98 எல்லாம் வராது. வலி நேரத்தில் 30-க்கு மேலே நின்றாலே போதும் என்று வைத்திருந்தார்கள். 2006-இல் 5,341 தாய்மாரை வைத்து நடந்த பெரிய ஆய்வில் எல்லோருக்கும் கருவியைப் பொருத்தினார்கள், பாதிப் பேருடைய அளவை மட்டும் டாக்டர்களுக்குக் காட்டினார்கள். பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் சிசேரியன் ஒரே அளவில்தான் நடந்தது. பிள்ளைகளின் நிலையிலும் மாற்றமில்லை. மெஷின் சந்தையை விட்டே போய்விட்டது. மூளையையே நேராகப் பார்க்க, மண்டையோட்டைத் தாண்டிப் போகும் அகச்சிவப்பு ஒளியை அனுப்பிப் பார்க்கும் முறையும் உண்டு. தலைமுடியும், பிரசவத்தில் தலையில் ஏறும் வீக்கமும், கருவி நகர்ந்துவிடுவதும் அதற்குப் பெரிய தொல்லை. ஆராய்ச்சிக் கூடத்தைத் தாண்டி நம் லேபர் வார்டுக்கு அது வரவில்லை.

ஆகவே திரும்பவும் இதயம்தான். ஒவ்வொரு வலியிலும் கர்ப்பப்பை இறுகும்போது நஞ்சுக்கொடிக்குப் போகிற ரத்தம் கொஞ்சம் தடைபடும். ஆக்சிஜன் குறைந்தால் பிள்ளை கை கால் பக்கம் போகிற ரத்தத்தைக் குறைத்து மூளைக்கும் இதயத்துக்கும் திருப்பிவிடும், துடிப்பும் மந்தமாகும். வலி விட்டபிறகும் அந்த மந்தம் நீடித்தால்தான் கவனிக்க வேண்டும். பிள்ளை சமாளித்துக்கொண்டிருக்கும் கட்டத்திலேயே இந்த அறிகுறி வந்துவிடுவதால், பெல்ட்டின் பேப்பரில் வீண் பயமும் நிறைய வரும். கலிபோர்னியாவில் 1996-இல் வெளியான ஆய்வில், பேப்பரில் மோசமான கோடு வந்த பிள்ளைகளில் மூளை முடக்குவாதம் வந்தது ஆயிரத்துக்குச் சுமார் இரண்டு பேருக்குத்தான்.

பெல்ட் பக்கத்தையும் சொல்லவேண்டும். 13 ஆய்வுகள், 37,000-க்கும் மேற்பட்ட பெண்கள் என்று திரட்டிப் பார்த்ததில், பெல்ட் கட்டியவர்களின் பிள்ளைகளுக்குப் பிறந்தபின் வலிப்பு வருவது பாதியாகக் குறைந்திருக்கிறது. வலிப்பு அரிதாக வருவதுதான், என்றாலும் இதைச் சின்ன விஷயம் என்று நான் தள்ள மாட்டேன். ஆனால் பிள்ளை இறப்பதிலும் மூளை முடக்குவாதத்திலும் வித்தியாசம் தெரியவில்லை. சிசேரியன் மட்டும் ஒன்றரை மடங்குக்கு மேல் கூடியது. உலக சுகாதார நிறுவனமும் 2018-இல், தானாக வலி வந்த ஆரோக்கியமான பெண்ணுக்குத் தொடர்ந்து பெல்ட் கட்டுவதைப் பரிந்துரைக்கவில்லை.

என் முடிவை இழுத்துப்போனது இந்தக் கணக்குகூட இல்லை. கேட்பது யார் என்பதுதான்.

மூத்தவள் பிறந்த ராத்திரி பெல்ட் ஓடிக்கொண்டே இருந்தது. பேப்பர் மடிப்பு மடிப்பாகத் தரையில் இறங்கிக் குவிந்ததே தவிர, எடுத்துப் பார்க்க ஆள் இல்லை. நான் புரண்டால் பெல்ட் நழுவும், மெஷின் கத்தும், யாராவது வந்து சத்தத்தைக் குறைத்துவிட்டுப் போவார்கள். எழுந்து நடக்கவும் முடியாது. மெஷின் பார்த்துக்கொள்ளும் என்று மனிதர்கள் நகர்ந்துவிடுகிறார்கள்.

டாப்ளரில் அது நடக்காது. ஆள் வந்தால்தான் கேட்கவே முடியும். நர்ஸிங் ஹோமில் சிஸ்டர் கால் மணிக்கு ஒருமுறை வந்தார், முக்கும் கட்டத்தில் ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை. ஜெல்லைத் தடவி, வலி ஓயும்வரை காத்திருந்து, முழுசாக ஒரு நிமிஷம் கேட்பார். இன்னொரு கை என் மணிக்கட்டில் இருக்கும். எதுக்கு என்று கேட்டேன். "யம்மா, இது ஒங்க நாடி, அது பிள்ளை நாடி. ரெண்டும் ஒரே வேகத்துல ஓடுச்சுன்னா மெஷின் ஒங்களத்தான் கேக்குதுன்னு அர்த்தம்" என்றார். பெல்ட்டிலும் இதே குழப்பம் வரும். முதல் பிரசவத்தில் என் மணிக்கட்டை யாரும் தொட்டதாக ஞாபகம் இல்லை.

ஆனால் ஒரு சிஸ்டருக்கு நாலைந்து பேர் என்றால் இந்த முறை அப்படியே படுத்துவிடும். அதனால் டாப்ளர் இருக்கிறதா என்று கேட்டு நிறுத்தாதீர்கள். ராத்திரி ரெண்டு மணிக்கு லேபர் வார்டில் எத்தனை சிஸ்டர் என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் நானே பெல்ட் பக்கம் போயிருப்பேன்.

வலி வர டிரிப் போடுகிறார்களா என்பதும் முக்கியம். டிரிப் ஏறினால் பெல்ட்தான். முந்தியது சிசேரியன், பிரஷர், பிள்ளை எடை குறைவு, குறைமாசம், தண்ணீரில் பிள்ளை மோஷன் போனது, இதற்கெல்லாமும் பெல்ட்தான். என் சித்தி மகளுக்குப் பிரஷர் ஏறி ஐகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே பெல்ட் கட்டித்தான் பார்த்தார்கள், அதுதான் முறையும். எனக்கு இரண்டு தடவையும் தானாக வலி வந்து சுகப்பிரசவம் ஆனதால், அந்தப் பக்கத்து அனுபவம் எனக்குக் கிடையாது.

நர்ஸிங் ஹோமிலும் மூலையில் ஒரு சிடிஜி மெஷின் நின்றது, டாப்ளரில் துடிப்பு சரியில்லை என்றால் உடனே கட்ட. அது ஓடுகிறதா, பேப்பர் ரோல் இருக்கிறதா, அர்த்தராத்திரியில் மயக்க டாக்டர் எங்கிருந்து வருவார் என்று சேரும் முன்பே கேட்டுவிட்டேன். சமாதானபுரத்தில்தான் வீடு, கால் மணி நேரத்தில் வந்துவிடுவார் என்றார்கள். சேரன்மகாதேவியில் எங்கள் வீட்டுப் பக்கத்திலேயே பார்க்காமல் பாளையங்கோட்டை வரை போனதற்கு அந்தக் கால் மணி நேரம்தான் காரணம்.