155377: நண்பனை ஊருக்குக் கொண்டுபோய்ச் சேர்த்த இலவச அமரர் ஊர்தி

இந்த நம்பரை முதலில் போனில் சேமித்துக்கொள்ளுங்கள்: 155377. தமிழ்நாடு அரசின் இலவச அமரர் ஊர்தி. அரசு மருத்துவமனையில் இறந்தவர்களின் உடலை வீட்டுக்கோ இடுகாட்டுக்கோ காசு வாங்காமல் கொண்டுபோய்ச் சேர்க்கிற வண்டி. செஞ்சிலுவைச் சங்கத்தின் தமிழ்நாடு கிளையோடு சேர்ந்து நடத்துகிறார்கள். இப்படி ஒன்று இருப்பதே எனக்குப் போன ஜனவரி வரைக்கும் தெரியாது. எங்கள் ஹாஸ்டலில் முந்நூறு பேர் இருக்கிறோம், ஒருத்தருக்கும் தெரியவில்லை, வார்டனுக்கும் தெரியவில்லை.

சென்னையில் ஒரு கல்லூரியில் பி.எஸ்சி. இயற்பியல் மூன்றாம் வருடம் படிக்கிறேன். கல்லூரி பெயரும் நண்பன் பெயரும் இங்கே வேண்டாம், அவன் அம்மா அப்பாவுக்குச் சங்கடம். இரண்டரை வருடம் ஒரே ரூமில் இருந்தோம். ஒரு வியாழக்கிழமை ராத்திரி, லேப் ரெக்கார்டுக்கு கிராஃப் ஷீட் வாங்கி வருகிறேன் என்று எதிர் ரூம் பையனின் பைக்கை எடுத்துக்கொண்டு போனவன்தான். லாரி அடித்துவிட்டது. யாரோ 108க்குச் சொல்லி, அவர்கள் சீக்கிரமே அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். சாலை விபத்து என்றால் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு அரசின் ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம் இருக்கிறது, அதனால் அங்கே யாரும் எங்களிடம் பணம் பற்றிப் பேசவே இல்லை. டாக்டர்கள் ஐந்து மணி நேரம் பார்த்தார்கள். விடியற்காலை மூன்றரைக்கு வெளியே வந்து சொன்னார்கள்.

அப்போது அந்த வராண்டாவில் நாங்கள் ஆறு பேர் இருந்தோம், எல்லோருக்கும் இருபது வயது. கூட எங்கள் துறையின் உதவிப் பேராசிரியர் ஒருவர், ராத்திரி ஒரு மணிக்கே பைக்கில் வந்துவிட்டார், மறுநாள் மதியம் வரைக்கும் நகரவில்லை. அவரைத் தவிரக் கல்லூரியிலிருந்து யாரும் வரவில்லை. நிர்வாகத்திலிருந்து ஒரு போன் வந்தது, சம்பவம் கேம்பஸுக்கு வெளியேதானே நடந்தது என்று கேட்டார்கள். சார் போனை என்னிடமிருந்து வாங்கி, “ஆமாங்க, வெளியேதான்” என்று சொல்லி வைத்துவிட்டார். அதற்கப்புறம் வெகுநேரம் அவர் எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை.

அவன் அப்பாவுக்கு யார் சொல்வது? வார்டன் என்னைச் சொல்லச் சொன்னார். பதினொரு மணிக்கு நான்தான் பேசினேன், “கால்ல அடிப்பா, பயப்படாதீங்க, கிளம்பி வாங்க” என்றேன். எங்கள் ஊர்ப் பக்கமெல்லாம் அப்படித்தான் சொல்வார்கள், உள்ளதைச் சொன்னால் வருகிற வழியில் ஏதாவது ஆகிவிடும் என்று. விருத்தாசலம் பக்கத்துக் கிராமம் அவர்களுக்கு. அவர் கிடைத்த பஸ்ஸைப் பிடித்து, காலை ஆறு மணிக்கு ஒரு மஞ்சள் பையோடு வந்து இறங்கினார். பைக்குள் பிளாஸ்க். காலில் அடிபட்ட பையனுக்குக் கஞ்சி.

சரி, சேவையைப் பற்றிச் சொல்கிறேன், அதற்காகத்தான் எழுத உட்கார்ந்தேன்.

மார்ச்சுவரி வாசலில் நின்றால் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை யாராவது வந்து வண்டி வேணுமா என்று கேட்பார்கள். விருத்தாசலம் என்றதும் பதினெட்டாயிரம், ஃப்ரீசர் பாக்ஸ் தனி என்றார் ஒருவர். எங்களுக்கு அது ஜாஸ்தியா கம்மியா என்றுகூடத் தெரியவில்லை. கிளாஸ் குரூப்பில் போட்டோம், விடிவதற்குள் ஜிபேயில் பதினோராயிரம் சேர்ந்துவிட்டது, ஐம்பது ரூபாய் நூறு ரூபாயாக. சிலர் நாற்பது ரூபாய் போட்டிருந்தார்கள், அது அவர்கள் மறுநாள் டிபன் காசாகத்தான் இருக்க வேண்டும். அட்வான்ஸ் கொடுக்கப் போகிற நேரத்தில், வராண்டாவைப் பெருக்கிக்கொண்டிருந்த அக்கா ஒருவர்தான் எங்களைத் தடுத்தார். “எதுக்கு தம்பி காசு குடுக்குறீங்க? கவர்மெண்ட் வண்டி இருக்குதுல்ல, ஒன்னு அஞ்சு அஞ்சு மூணு ஏழு ஏழு போடுங்க” என்றார். அவர் சொல்லியிருக்காவிட்டால் இந்த நம்பர் எங்கள் காதுக்கே வந்திருக்காது. மார்ச்சுவரி வாசலில் இதைக் கண்ணில் படுகிற மாதிரி பெரிதாக எழுதிவைக்க வேண்டும் என்று நினைக்கிறேன், அங்கே நிற்கிறவர்களுக்குச் சின்ன எழுத்தைத் தேடிப் படிக்கிற நிலைமை இருக்காது.

போன் எடுத்த பெண் நிதானமாகப் பேசினார். எந்த ஆஸ்பத்திரி, இறந்தவர் பெயர், எங்கே கொண்டுபோக வேண்டும், கூட வருகிற உறவினர் யார், போஸ்ட்மார்ட்டம் முடிந்ததா. முடியவில்லை என்றதும், பேப்பர் எல்லாம் கைக்கு வருகிற நேரத்தில் திரும்பக் கூப்பிடுங்கள், வண்டி அனுப்புகிறோம் என்றார். அந்த ‘பேப்பர் எல்லாம்’ என்றால் என்ன என்பதைத்தான் நாங்கள் அன்றைக்கு ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டோம். சென்னையில் சாலை விபத்து என்றால் போக்குவரத்துப் புலனாய்வுக் காவல் நிலையத்துக்குப் போக வேண்டும், பக்கத்து ஸ்டேஷனில் போய் நின்றால் பாதி நாள் போய்விடும். எஃப்.ஐ.ஆர். போட்ட பிறகு போலீஸ் வந்து விசாரணை அறிக்கை எழுதி, டாக்டரிடம் கடிதம் கொடுத்தால்தான் பரிசோதனை ஆரம்பிக்கும். ரத்த சொந்தம் ஒருவர் அடையாளம் காட்டிக் கையெழுத்துப் போட வேண்டும். அவன் ஆதார், அப்பா ஆதார் இரண்டும் கேட்டார்கள். அவன் ஆதார் நகல் கல்லூரி ஆபீஸில் இருந்தது, ஆபீஸ் பத்து மணிக்குத்தான் திறக்கும். கடைசியில் அவன் பெட்டியின் பூட்டை உடைத்து ஜூனியர் ஒருவன் எடுத்து வந்தான். இரண்டு மணி நேரம் அதில் போயிற்று, அவ்வளவு நேரமும் அவன் அப்பா அந்த மஞ்சள் பையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

பேப்பர் வந்ததும் கூப்பிட்டோம், நாற்பது நிமிடத்தில் வண்டி வந்தது. டிரைவர் அண்ணாவுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். இறங்கியதும் நேராக அவன் அப்பாவிடம் போய்க் கும்பிட்டு, “நான்தாங்க தம்பிய கொண்டாந்து விடப் போறேன்” என்றார். காலையிலிருந்து எல்லோரும் ‘பாடி’ என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள், தம்பி என்று சொன்ன முதல் ஆள் இவர்தான். முன்னால் அப்பா, பின்னால் ஸ்ட்ரெச்சர் பக்கத்துப் பெஞ்சில் நாங்கள் மூன்று பேர். அமரர் ஊர்திக்குச் சுங்கக் கட்டணம் கிடையாது, பரனூர், ஆத்தூர், விக்கிரவாண்டி மூன்றிலும் நிற்காமல் விட்டுவிட்டார்கள்.

அச்சிறுபாக்கம் தாண்டி ஒரு டீக்கடையில் நிறுத்தினார். எங்களுக்கு இறங்கவே மனசில்லை. “ராத்திரியிலேர்ந்து ஒன்னும் சாப்பிடலல்ல? அங்க போய் நீங்க விழுந்தீங்கன்னா அந்த அம்மாவ யாருப்பா தூக்குவா” என்றார். ஒவ்வொருத்தராகப் போய்ச் சாப்பிடுங்கள், வண்டியில் ஒருத்தர் இருந்துகொண்டே இருங்கள், தம்பியைத் தனியாக விடக் கூடாது என்றும் சொன்னார். அப்படியே செய்தோம், நான் இரண்டு பன்னும் டீயும் சாப்பிட்டேன். அவன் அப்பா இறங்கவில்லை, டீயை வண்டிக்கே கொண்டுபோய்க் கொடுத்து அவர் குடித்து முடிக்கிற வரைக்கும் டிரைவர் அண்ணா பக்கத்திலேயே நின்றார்.

ஊர் எல்லைக்கு ஒரு கிலோமீட்டர் முன்னால் ஓரமாக நிறுத்தி, வீட்டு வாசலில் பந்தல் போட்டாயிற்றா, வண்டி உள்ளே திரும்ப இடமிருக்கிறதா, அம்மாவுக்கு விஷயம் தெரியுமா என்று கேட்டுப் போன் பண்ணச் சொன்னார். தெரு முனையிலேயே பெண்கள் ஓடிவந்து கண்ணாடியில் அடித்துக்கொண்டு அழுதார்கள். அவர் ஹாரன் அடிக்கவில்லை, ஆள் நடக்கிற வேகத்தில் வண்டியை விட்டார். இறக்கி வைத்த பிறகு டிரிப் ஷீட்டில் அப்பாவிடம் ஒரு கையெழுத்து. பணம் நீட்டினோம், தொடவே இல்லை. மாலை இல்லாத வண்டியாக வந்ததால் கோடித் துணி எடுத்து வருகிற வரை தன் துண்டையே மேலே போர்த்தியிருந்தார், அதைத் திரும்பக் கேட்காமல் போய்விட்டார்.

இந்த வண்டியைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒரு குறையும் இல்லை. கஷ்டமெல்லாம் எங்கள் கல்லூரியைப் பற்றித்தான், அதையும் எழுதியே ஆக வேண்டும், ஏனென்றால் ஒரு மாணவன் இறந்தால் நாளைக்கு இன்னொரு ஹாஸ்டலிலும் இதேதான் நடக்கும்.

மறுநாள் லீவு விட்டார்கள், மைதானத்தில் இரண்டு நிமிட மௌனம், வாசலில் ‘கண்ணீர் அஞ்சலி’ ஃபிளெக்ஸ், ஐடி கார்டு போட்டோவைப் பெரிதாக்கிப் போட்டிருந்தார்கள். அது தப்பில்லை, செய்ய வேண்டியதுதான். ஆனால் காலேஜ் பஸ் கேட்டதற்கு வெளியூருக்கு அனுப்ப முடியாது என்றுவிட்டார்கள், எங்கள் கிளாஸ் பசங்களும் பெண்களும் அறுபது பேர் கிளாம்பாக்கம் போய் கவர்மெண்ட் பஸ் பிடித்து, நின்றுகொண்டே வந்து சேர்ந்தார்கள். அதைவிட மோசம், வராத மாணவர்களின் பெற்றோருக்குத் தானாகப் போகிற எஸ்.எம்.எஸ். அடுத்த திங்கட்கிழமை காலை அவன் அப்பா போனுக்கு வந்திருக்கிறது, உங்கள் மகன் இன்று வகுப்புக்கு வரவில்லை என்று. ஒன்பது நாள் வந்தது. அவர் யாரிடமும் சொல்லவில்லை. அவன் தங்கைதான் எனக்கு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினாள். ஆபீஸில் போய்க் கேட்டால், இறப்புச் சான்றிதழ் கொடுத்தால்தான் பெயரை எடுக்க முடியும் என்றார்கள். அங்கேதான் எனக்குக் குரல் உயர்ந்துவிட்டது.

இதற்கெல்லாம் பெரிய செலவே இல்லை. ஒரு ஆள் போதும், ராத்திரி மூன்று மணிக்குக் கூப்பிட்டாலும் எடுக்கிற, அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்த ஒரு ஆள். எங்கள் சார் இருந்தார், ஆனால் அவரும் எங்களோடு சேர்ந்துதான் எல்லாவற்றையும் விசாரித்துத் தெரிந்துகொண்டார். அதனால் நாங்களே ஒரு பக்கத்துக்கு எழுதி, ஹாஸ்டல் நோட்டீஸ் போர்டில் மெஸ் மெனுவுக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறோம். மேலே சொன்ன நம்பர், எந்தக் காவல் நிலையம், என்னென்ன பேப்பர் எல்லாம் அதில் இருக்கிறது. இறந்த இடம் எந்த ஊரோ அந்த உள்ளாட்சியில்தான் இறப்பைப் பதிய வேண்டும், 21 நாளுக்குள் என்றால் கட்டணம் இல்லை. விபத்து இழப்பீட்டு மனுவை ஆறு மாதத்துக்குள் போட்டுவிட வேண்டும், அதற்கு எஃப்.ஐ.ஆர்., போஸ்ட்மார்ட்டம் அறிக்கை நகல்கள் அவசியம் என்பதால் அன்றைக்கே நாலைந்து பிரதி எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.

கடைசி வரியாக 14416 என்ற நம்பரும் உண்டு. டெலி மானஸ், மத்திய அரசு 2022 அக்டோபரில் ஆரம்பித்த மனநல உதவி எண், இதுவும் இலவசம், எந்த நேரத்திலும் தமிழில் பேசலாம். பைக் கொடுத்த எதிர் ரூம் பையனுக்காகத்தான் அதை எழுதினோம். அவன் பத்து நாள் தூங்கவில்லை. நான் சாவி கொடுக்கலன்னா அவன் போயிருக்க மாட்டான் என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தான், நாங்கள் என்ன சொன்னாலும் காதில் ஏறவில்லை. ஒரு ராத்திரி இரண்டு மணிக்கு மொட்டை மாடியில் நான் பக்கத்தில் உட்கார, அவன் அந்த நம்பருக்குப் பேசினான். முக்கால் மணி நேரம். எதிரில் இருந்தவர் என்ன சொன்னார் என்று கேட்கவில்லை, வந்து படுத்தான், தூங்கினான். இப்போது வாரத்துக்கு ஒருமுறை டாக்டரைப் பார்க்கப் போகிறான், நாங்கள் யாராவது ஒருவர் கூடவே போகிறோம்.

பதினாறாம் நாள் கருமாதிக்குப் போனபோது அவன் அப்பா முதலில் கேட்டது, “அந்த டிரைவர் தம்பிக்குச் சொன்னீங்களா?” நாங்கள் அவர் பெயரைக்கூடக் கேட்டு வைத்திருக்கவில்லை. துவைத்து மடித்து வைத்த துண்டு அவர் கையில் இருந்தது. அண்ணா, நீங்கள் இதைப் படித்தால், அந்தத் துண்டு இன்னும் அவர்கள் வீட்டில் உங்களுக்காக இருக்கிறது.

அன்றைக்கு எங்கள் லேப் அசிஸ்டென்ட் அண்ணன் ஒரு பார்சல் கொடுத்தனுப்பியிருந்தார். அவன் முடிக்காமல் விட்ட ரெக்கார்டு நோட்டு. மூன்று சோதனைகள் பாக்கியிருந்தன. அவன் அப்சர்வேஷன் நோட்டில் இருந்த ரீடிங்குகளைப் பார்த்து அவரே கிராஃப் போட்டு ஒட்டி, எல்லாப் பக்கத்திலும் சாரிடம் கையெழுத்து வாங்கி, ஹெச்.ஓ.டி.யிடம் சான்றொப்பமும் வாங்கி, காலிக்கோ பைண்டிங் போட்டிருந்தார். யாரும் அவரைச் செய்யச் சொல்லவில்லை.

அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. தங்கை ஒவ்வொரு தலைப்பாகத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள், நியூட்டன் வளையங்கள், நிறமாலைமானி, கேரி ஃபாஸ்டர் பாலம். பாலம் என்றதும் அம்மா நிமிர்ந்து, “பாலம் கட்டவா படிச்சான்?” என்று என்னைக் கேட்டார். இல்லைம்மா, இது கம்பியில் கரண்ட் எவ்வளவு தடைப்படுதுன்னு அளக்குறது என்றேன். நல்லா செய்வானா என்று கேட்டார். லேபில் அவன் ரீடிங்கைப் பார்த்துத்தான் நாங்கள் எல்லோரும் சரிபார்ப்போம் என்றேன். உண்மையிலேயே அப்படித்தான்.