கோத்தகிரி, குன்னூர் பக்கம் பைப் வேலை கொடுக்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுக் கொடுங்கள்

மலைச்சரிவில் வீடு வைத்திருப்பவர்களுக்கு இந்த எச்சரிக்கை. மின்கம்பத்திலும் பஸ் ஸ்டாப்பிலும் '24 மணி நேர பிளம்பிங் சேவை' என்று ஸ்டிக்கர் ஒட்டி, கீழேயிருந்து வேனில் வந்து வேலை செய்துவிட்டுப் போகும் ஒரு குழு எங்கள் குடும்பத்தை ஏமாற்றியிருக்கிறது. புகார் நடந்துகொண்டிருப்பதால் பெயரைப் போடவில்லை. அவர்கள் வேலை செய்த விதத்தை மட்டும் எழுதுகிறேன்.

எங்களுக்குத் தண்ணீர் வருவது மேட்டில் இருக்கும் பொதுத் தொட்டியிலிருந்து. அங்கிருந்து எங்கள் வீடு கிட்டத்தட்ட 50 மீட்டர் இறக்கத்தில் இருக்கிறது. பத்து மீட்டர் இறங்கினால் சுமார் 1 கிலோ அழுத்தம் (ஒரு சதுர சென்டிமீட்டருக்கு) கூடும் என்பது கணக்கு. அப்படியானால் எங்கள் குழாயில் 5 கிலோ. சமவெளியில் ஒரு மாடி வீட்டின் மேல் தொட்டி வைத்தால் கீழ்க் குழாயில் 1 கிலோ வருவதே பெரிது. இதனால்தான் என் மாமனார் வீடு கட்டும்போதே லைன் உள்ளே நுழையும் இடத்தில் அழுத்தத்தைக் குறைக்கும் பித்தளை வால்வு ஒன்றைப் போட்டிருந்தார். பி.ஆர்.வி. என்பார்கள். இத்தனை வருஷம் எந்தத் தொந்தரவும் இல்லை.

பழைய ஜி.ஐ. பைப் (துத்தநாகம் பூசிய இரும்பு) துருப்பிடித்துத் தண்ணீர் செம்மண் நிறத்தில் வந்ததால் லைனை மாற்ற வேண்டியிருந்தது. வாட்ஸ்அப்பில் கொட்டேஷன் அனுப்பினார்கள். 10 கேஜி பைப் (10 கிலோ அழுத்தம் வரை தாங்குவது), ஐ.எஸ்.ஐ. ஃபிட்டிங்ஸ், கீசர் லைனுக்கு வெந்நீர் தாங்கும் பிளாஸ்டிக் பைப்பான சிபிவிசி, கூலியோடு சேர்த்து 46,000 ரூபாய், பாதி முன்பணம்.

வேலை நடந்தபோது வீட்டில் மாமியார் மட்டும்தான். மேஸ்திரி மாதிரி வந்தவர் அந்தப் பித்தளை வால்வைக் காட்டி, "அம்மா, இதுதான் உங்க தண்ணியப் பிடிச்சு வெச்சிருக்கு. கழட்டிட்டா ஷவர்ல அருவி மாதிரி கொட்டும்" என்றிருக்கிறார். "அது எங்க வீட்டுக்காரர் போட்டது தம்பி, எதுக்குன்னு அவங்களக் கேக்காம கழட்டாதீங்க" என்று மாமியார் தெளிவாகவே சொல்லியிருக்கிறார். "நாங்க பாத்துக்கறோம்மா" என்று சொல்லிக் கழற்றி எடுத்துப் போய்விட்டார்கள். நல்ல கனமான பித்தளை. பழைய ஜி.ஐ. பைப்போடு அதுவும் வேனில் ஏறிவிட்டது.

சாயங்காலம் குழாயைத் திறந்து காட்டினார்கள். தண்ணீர் பிய்த்துக்கொண்டு வந்தது. மீதிப் பணத்தையும் வாங்கிக்கொண்டு போனார்கள்.

அப்புறம்தான் எல்லாம் ஆரம்பித்தது. முதலில் சமையலறை சிங்க்கின் அடியில் இருந்த கனெக்‌ஷன் ஓஸ் நடுராத்திரியில் வெடித்தது. பகலில் நாலு வீட்டில் குழாய் திறந்திருக்கும்போது லைனில் அழுத்தம் குறைவாக இருக்கும். ராத்திரி எல்லோரும் மூடிவிட்டுப் படுத்தால் 5 கிலோவும் முழுசாக வந்து குழாயில் உட்காரும். மலையில் பைப் உடைவது பெரும்பாலும் ராத்திரியில்தான். பகலில் குழாயைத் திறந்து காட்டுவது சோதனையே இல்லை.

அடுத்தது கீசர். சேஃப்டி வால்விலிருந்து ஓயாமல் சொட்டியது. கூப்பிட்டதும் வந்தார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். வந்து பார்த்துவிட்டு, "உள்ள டேங்க் போயிடுச்சு சார், மாத்தணும்" என்று புது கீசர் மாட்டி அதற்குத் தனியாகப் பணம் வாங்கினார்கள். புது கீசரிலும் அதே சொட்டு. கடைசியில் கீசர் கம்பெனி ஆள் வந்து, லைனில் பிரஷர் கேஜ் மாட்டிக் காட்டினார். வரும் தண்ணீரே 5 கிலோவில் இருக்கிறது, அது சூடாகி விரியும்போது வால்வு திறந்துகொள்கிறது, அது தன் வேலையைத்தான் செய்கிறது என்றார். பழைய கீசரில் ஒரு குறையும் இல்லை. அதையும் எடுத்துப் போய்விட்டார்கள்.

இதெல்லாம் பணத்தோடு போகும் நஷ்டம். என்னைத் தூங்கவிடாமல் செய்தது வேறொன்று. வீட்டுக்குக் கீழே இருக்கும் தடுப்புச் சுவரில் மண்ணின் ஈரம் வடிய விட்டிருக்கும் ஓட்டைகளில் மழையே இல்லாத வாரத்தில் தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. கலங்கலாக, மண்ணோடு. பக்கத்து வீட்டுப் பெரியவர், நகராட்சியில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர், பார்த்ததுமே எல்லாக் குழாயையும் மூடச் சொன்னார். ஒரு நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையை பைப்பில் வைத்து, கைப்பிடியைக் காதில் வைத்துக் கேட்டுக்கொண்டே தோட்டம் வழியாக நடந்தார். செம்பருத்திச் செடி பக்கத்தில் நின்று, "இங்க தோண்டுங்க" என்றார்.

தோண்டினால் எல்போ, அதாவது பைப் திரும்பும் இடத்து வளைவு இணைப்பு, கையோடு வந்துவிட்டது. உள்ளே பசையோடு சேறு ஒட்டியிருந்தது. தூறலில் துடைக்காமல் பசை தடவி, காயும் முன்னே மண்ணைத் தள்ளி மூடியிருக்கிறார்கள். நம் குளிரிலும் ஈரத்திலும் அந்தப் பசை இறுகுவதற்குக் கீழே ஆவதைவிடக் கூடுதல் நேரம் ஆகும். ஒரு நாள் முழுக்கவாவது விடாமல் தண்ணீர் திறக்கக் கூடாது. பைப்புக்குக் கீழே மணல் கிடையாது, கூர்மையான கல்லின் மேலேயே கிடந்தது. அச்செழுத்து இருக்கும் பக்கத்தைக் கீழே திருப்பிப் போட்டிருந்தார்கள். புரட்டிப் பார்த்தால் 6 கேஜி, ஐ.எஸ்.ஐ. முத்திரை கிடையாது. 10 கேஜிக்குப் பணம் வாங்கிவிட்டு இதைப் போட்டிருக்கிறார்கள். சும்மா நிற்கும்போதே 5 கிலோ இருக்கும் லைனில் யாராவது ஒரு குழாயைப் பட்டென்று மூடினால் அந்த அடியே 6ஐத் தாண்டிவிடும். கீசர் லைனில் சிபிவிசிக்குப் பதில் சாதாரண வெள்ளை யுபிவிசி. வெந்நீர்ச் சூட்டில் அது வளைந்து தொங்க ஆரம்பித்திருந்தது.

2009 நவம்பரில் இந்த நீலகிரி மாவட்டத்தில் என்ன நடந்தது என்பது இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒரே மழையில் வந்த மண்சரிவுகளில் நாற்பதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. தண்ணீர் குடித்த மண் சுவரைத் தள்ளும், சரியும். ஐப்பசி, கார்த்திகை மழைக்கு முன்பே ஒரு பைப் கசிவு அந்த மண்ணை ஊற வைத்துக்கொண்டிருந்தால் என்ன ஆகும்? எங்கள் சுவருக்குக் கீழே இன்னொரு வீடு இருக்கிறது. அதில் இரண்டு சின்னக் குழந்தைகள். பைப்பில் காசு மிச்சம் பிடித்தவர்களுக்கு அது தெரிந்தே இருக்கும், நின்று வேலை செய்த இடத்திலிருந்து அந்த வீட்டின் கூரை தெரிகிறது.

இப்போது எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு எச்.டி.பி.இ. என்ற வளையும் பிளாஸ்டிக் பைப் போட்டாயிற்று. பெரியவர் கூடவே நின்றார். புதிதாக பி.ஆர்.வி. வாங்கி இரண்டரை கிலோவில் வைத்திருக்கிறோம். பக்கத்தில் ஒரு பிரஷர் கேஜும் உண்டு. சில நூறு ரூபாய்தான், மலை வீட்டில் இது கட்டாயம் வேண்டும். பள்ளத்தை மூடாமல் ராத்திரி முழுக்க அழுத்தத்தோடு விட்டு, காலையில் ஒவ்வொரு ஜாயின்ட்டையும் உலர்ந்த துணியால் துடைத்துப் பார்த்த பிறகுதான் மண் தள்ளினோம்.

நீங்கள் வேலை கொடுக்கும்போது பைப் இறங்கியதுமே அச்செழுத்தை போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். மேல் தொட்டிக்கும் உங்கள் வீட்டுக்கும் எவ்வளவு இறக்கம் என்று முதலில் கேட்கிறாரா என்று பாருங்கள். கேட்காதவருக்கு மலையில் வேலை செய்து பழக்கமில்லை. மூடும் முன் ராத்திரி சோதனை என்பதைக் கொட்டேஷனிலேயே எழுதி வாங்குங்கள். மீதிப் பணம் அதற்குப் பிறகுதான். கழற்றிய பழைய சாமான் எல்லாம் உங்களுடையது, எண்ணி வாங்கி வையுங்கள்.

அந்தக் குழு இப்போது எங்கள் போனை எடுப்பதில்லை. வாட்ஸ்அப் கொட்டேஷன், பணம் அனுப்பிய ரசீது, பைப்பின் போட்டோ எல்லாவற்றையும் வைத்து 1915 நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்திருக்கிறோம். தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவோம். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்கு அங்கே கட்டணம் கிடையாது, இரண்டு வருஷத்துக்குள் கொடுக்க வேண்டும். இதே மாதிரி வால்வைக் கழற்றிக்கொண்டு போன கதை உங்கள் வீட்டிலும் நடந்திருந்தால் தனிச் செய்தியில் எழுதுங்கள், சேர்ந்தே புகார் கொடுக்கலாம். முதலில் போய் உங்கள் தடுப்புச் சுவரின் ஓட்டைகளைப் பாருங்கள்.