கீட்டோ சமையலுக்கு வாங்கிய 0.1 கிராம் தராசு: எட்டு மாத அனுபவம்

இரண்டு மருந்துகளைத் தக்க அளவில் கொடுத்தும் வலிப்பு அடங்காத எங்கள் 6 வயது மகளுக்கு, கொழுப்பை மிகுத்து மாவுச்சத்தை வெகுவாகக் குறைக்கும் கீட்டோ உணவுமுறையைத் தொடங்கியபோது, உணவியல் நிபுணர் முதலில் விசாரித்தது வீட்டில் எந்தத் தராசு இருக்கிறது என்பதைத்தான். 1 கிராம் கணக்கில் காட்டும் சமையலறைத் தராசு போதாது என்று அவர் சொன்னதால், வேலூர் லாங்கு பஜாரில் 0.1 கிராம் வரை காட்டுகிற, 500 கிராம் தாங்குகிற டிஜிட்டல் தராசு ஒன்றை 650 ரூபாய்க்கு வாங்கினோம்.

அவளுக்கு விதித்தது 4:1 விகிதம். புரதமும் மாவுச்சத்தும் சேர்ந்து 1 கிராம் என்றால் கொழுப்பு 4 கிராம். நாளைக்கு 1,200 கலோரி என்று வைத்தால் கொழுப்பு 120 கிராம், மற்ற இரண்டும் சேர்ந்தே 30 கிராம். வளரும் பிள்ளைக்கு வேண்டிய புரதத்தை ஒதுக்கியபின் மாவுச்சத்துக்கு மிஞ்சுவது சுமார் 10 கிராம். ஏறக்குறைய ஒரே இட்லியில் அது தீர்ந்துவிடும். இலவம்பாடி முள்ளு கத்திரிக்காய் அரை கிராம் கூடினால் பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் பழைய தராசு 3 கிராம் என்று காட்டிய வேர்க்கடலை 2.5 கிராமாகவும் இருக்கலாம், 3.4 கிராமாகவும் இருக்கலாம்.

துல்லியத்தில் குறையில்லை. ஒரே பத்து ரூபாய் நாணயத்தை வாரந்தோறும் வைத்துப் பார்க்கிறேன், எண் மாறவில்லை. பாத்திரத்தின் எடையைக் கழிக்கும் பொத்தானும் ஒழுங்காக வேலை செய்கிறது. தேங்காய் எண்ணெய் மார்கழியில் உறைந்தாலும் சித்திரையில் உருகினாலும் எடை ஒன்றுதான் என்பதால், கரண்டிக் கணக்கை அடியோடு விட்டுவிட்டோம்.

எரிச்சலூட்டுவது வேறு. ஒரு நிமிடம் தொடாமல் விட்டால் தராசு தானாக அணைந்து, கழித்து வைத்த எடையையும் மறந்துவிடுகிறது. உறைந்த எண்ணெயை வழித்துக்கொண்டிருக்கும்போது இப்படி நேர்ந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். பூஜ்யத்தில் இருக்கும்போது எண்ணெயைச் சொட்டுச்சொட்டாக விட்டால் முதல் சில சொட்டுகளை அது கண்டுகொள்வதே இல்லை. ஆகவே எண்ணெயைச் சற்றுத் தாராளமாக ஊற்றிவிட்டு, மிகுதியை எடுத்துவிடுவதே சரியான வழி. இது கையேட்டில் இல்லை. இரண்டு வாரம் தடுமாறிய பிறகுதான் எங்களுக்குப் பிடிபட்டது.

கைப்பிடியால் அள்ளிப் போட்டால் ஆகாதா என்று என் மாமியார் கேட்டார். 2008-இல் வெளியான லண்டன் ஆய்வில், இந்த உணவுமுறைக்கு ஒதுக்கப்பட்ட பிள்ளைகளில் 38 விழுக்காட்டினருக்கு 3 மாதத்தில் வலிப்பு பாதிக்கு மேல் குறைந்தது என்றும், வழக்கமான சிகிச்சையை மட்டும் தொடர்ந்தவர்களில் அது 6 விழுக்காடுதான் என்றும் சொன்னேன். எங்கள் மகளுக்கும் பாதிக்கு மேல் குறைந்திருக்கிறது. அதைத் தராசின் புகழாக நான் எழுதவில்லை. சர்க்கரை கலந்த மருந்து சிரப்பை மாத்திரையாக மாற்றியதும், சிறுநீரகக் கல் வராமல் இருக்க மருத்துவர் செய்துவரும் பரிசோதனைகளும் இந்தச் சிகிச்சையில் அடங்கும். மருத்துவர் மேற்பார்வையின்றித் தராசை மட்டும் வாங்கிக்கொண்டு எவரும் இதில் இறங்கக் கூடாது.

வாங்குவோர் 3 கிலோ தாங்கும் 0.1 கிராம் தராசு கிடைத்தால் அதையே எடுக்கலாம். எங்கள் எவர்சில்வர் கிண்ணமே 200 கிராம் இருப்பதால், மீதமுள்ள 300 கிராமுக்குள் காய், பனீர், வெண்ணெய் மூன்றையும் அடக்க முடியாமல் தனித்தனியாக நிறுத்துக்கொண்டிருக்கிறோம்.