பற்றறி மாத்தச் சொல்றாங்களா? காசு கட்ட முதல் எக்ஸ்ரே எடுங்க

முள்ளந்தண்டுக்குக் கரண்ட் குடுத்து நோவைக் குறைக்கிற மெஷின் உள்ளுக்கு வச்சிருக்கிற மட்டக்களப்பு, கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கத்து ஆக்களுக்கு இது.

கொழும்பில தனியார் வைத்தியசாலை ஒண்டில மெஷின் வச்ச நம்மட பகுதி நோயாளி ஒருத்தருக்கு, சில மாசத்திலயே காலுக்கு வந்த கரண்ட் விலாவுக்கு அடிக்கத் தொடங்கிட்டுது. கால் நோவு பழையபடி. மெஷின் வித்த கொம்பனி ஆள் போனிலேயே தீர்ப்புச் சொல்லிட்டார்: "பற்றறி முடிஞ்சுது, புதுசு போடணும்." கடன்பட்டுக் கட்டினாங்க. புதுப் பற்றறியும் அதே விலாவுக்குத்தான் அடிச்சுது.

பற்றறி செத்தா கரண்டே வராது. இடம் மாறி வருதெண்டா, பற்றறிப் பெட்டியில இருந்து முள்ளந்தண்டுக்குப் போற கம்பியைத்தான் சந்தேகப்படணும். திரும்பச் சார்ஜ் பண்ண ஏலாத பற்றறியே வழக்கமா 2 முதல் 5 வருசம் போகும்.

முதல்ல நேராகவும் பக்கவாட்டாகவும் ரெண்டு எக்ஸ்ரே. இதை மட்டக்களப்பிலயே எடுக்கலாம், கொழும்பு பஸ் ஏறத் தேவையில்ல. சத்திரசிகிச்சை முடிஞ்ச உடன எடுத்த படத்தோட சேத்து வச்சு, கம்பி நுனி எந்த எலும்புக்கு நேரா நிக்குதெண்டு வைத்தியரிட்ட கேளுங்க. கால், இடுப்பு நோவுக்கு அது பெரும்பாலும் நெஞ்சு முள்ளெலும்பு 8, 9 பக்கம் நிக்கும். பிறகு மெஷினைப் புரோகிராம் பண்ற கருவியால, கம்பி நுனியில கரண்ட் குடுக்கிற ஒவ்வொரு மின்முனையின்ட மின்தடையையும் அளக்கணும். தடை ஒரேயடியா ஏறிக் கிடந்தா கம்பி முறிஞ்சிருக்கும், இல்லாட்டி பெட்டியோட இணைப்புக் கழண்டிருக்கும். தடை சரியா இருந்து நுனி இறங்கியிருந்தா கம்பி நகர்ந்திருக்கு. கொஞ்ச நகர்வெண்டா வேற மின்முனைகளுக்கு மாத்திப் புரோகிராம் பண்ணியே சரியாக்கலாம், வெட்டுத் தேவைப்படாது. அந்த நோயாளிக்கு இதில ஒண்டும் செய்யல்ல.

நகர்றது கூடுதலா முதல் ரெண்டு மாசத்தில, கம்பியைச் சுத்தித் தழும்பு இறுக முதல். அதுவரைக்கும் கிணத்தில தண்ணி அள்ளாதீங்க, குனிஞ்சு கூட்டாதீங்க. தொழுறவங்க கதிரையில இருந்து தொழுங்க. ஆஸ்பத்திரியில இதை நம்மட பாசையில சொல்லாட்டி, நீங்களே கேளுங்க.

இன்னும் வைக்காதவங்க: தற்காலிகக் கம்பியோட சில நாள் சோதிச்சு, நோவு பாதியாவது குறைஞ்சாத்தான் நிரந்தர மெஷின். சோதிக்காம வைக்காதீங்க எண்டு அமெரிக்காவில மருந்து, மருத்துவக் கருவிகளைக் கண்காணிக்கிற எஃப்டிஏ 2020 செப்டம்பரில வைத்தியர்களுக்குக் கடிதமே போட்டது. "சோதனை வீண் செலவு" எண்டு சொல்ற இடத்தில காசு கட்டாதீங்க. மாடலும் தொடர் இலக்கமும் உள்ள அட்டை, முதல் எக்ஸ்ரே ரெண்டையும் கையில வாங்காம வீட்ட வராதீங்க.

காயம் சிவந்து சீழ் வந்தா, கால் விறைச்சுச் சலம் போகாட்டி, கொம்பனிக்குப் போன் அடிச்சு மினக்கெடாம உடன போதனா வைத்தியசாலை அவசரப் பிரிவுக்குப் போங்க.